காயாத துப்பட்டா

பகல் பன்னிரண்டு முப்பத்தைந்து. பாலத்தின் மூன்றாவது தூணில் சிக்கிக் கிடந்த உடலைக் கயிறு கட்டிக் கரையேற்றினார்கள். உயிர் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. சட்டைப்பைக்குள் போன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

செத்தவர் மதகுக்காரர். மழைக்காலம் வந்தால் போனைப் பாலிதீன் உறையில் சுருட்டித்தான் பையில் வைப்பார். ஆள் நனைந்தாலும் போன் நனையக் கூடாது என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வார். கேலி பலித்துவிட்டது. உறைக்குள் ‘அக்கா’ என்ற எழுத்து மின்னியது. எடுத்துப் பேச யாருக்கும் தைரியம் வரவில்லை. அது அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது.

மறுமுனையில் இருந்தவள், ஆற்று நீர்க் கணிப்பு நிலையத்தில் வெள்ளக் கணக்கு போடுகிறவள். நிலையத்தில் அவளைக் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேலே எவ்வளவு மழை பெய்தது என்ற விவரத்தைக் காலையில் மெஷினில் ஏற்றி ஓட விடுவாள். எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்கு மதகுக்கு வரும் என்று ஒன்றரை மணி நேரத்தில் மெஷின் சொல்லிவிடும். விடை வராமல் மதகுக்காரர் மேடையை விட்டு நகரக் கூடாது. வந்தபின் கதவைத் திறந்துவிட்டு மேடேறிவிடலாம்.

அன்று விடை பன்னிரண்டரைக்கு வந்தது. தண்ணீர் பதினொன்றே முக்காலுக்கே வந்துவிட்டது.

*

இரண்டே நாளில் விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. ஆமை வேகத்துக்குப் பேர்போன குழு இந்த ஒரு தடவை முயலாக ஓடியிருந்தது. அது போட்ட கழித்தல் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். முடிந்தது பன்னிரண்டரை. ஓட ஒன்றரை மணி நேரம். ஆகவே தொடங்கியது பதினொன்று. ஒன்பதுக்குத் தொடங்க வேண்டியவள் இரண்டு மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தாள்? தம்பியைக் கொன்றது அக்காவின் அலட்சியம்.

வழக்கு இன்ஸ்பெக்டரம்மா மேசைக்கு வந்தது. ஐந்தடிக்கும் குறைவான உருவம். காவல் நிலையத்தில் முதுகுக்குப் பின்னால் கடுகு என்பார்கள். சிறுத்தாலும் காரம் குறையாது என்ற பழமொழியின் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

“படிச்சுப் பார்க்கக்கூட வேணாம்மா. கையெழுத்துப் போட்டு அனுப்பு” என்றார் மேலதிகாரி.

“படிக்காம போட்டா அது கையெழுத்து இல்ல சார், கைநாட்டு” என்றாள் கடுகு.

காலை பத்து மணிக்கு அவள் மெஷின் அறையின் சீலை உடைத்தாள். கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது. மேசை, நாற்காலி, அலமாரி உயரத்துக்கு ஒரு மெஷின். அதன் முதுகுக் கம்பியில் நீலத் துப்பட்டா ஒன்று தொங்கியது. தொட்டுப் பார்த்தாள். மடிப்பில் இன்னும் ஈரம் இருந்தது.

“யாரோடது?”

“அந்தம்மாவோடதுங்க. சீல் வச்ச அன்னிக்கே தொங்கிச்சு. தொட்டேன், சொட்டச் சொட்ட இருந்துச்சு. சாட்சிப் பொருளாச்சேன்னு அப்படியே விட்டுட்டேன்” என்றார் கான்ஸ்டபிள்.

“துணி காயப்போட இடமா இது?”

பதில் சொன்னவன் மெஷின்களைப் பராமரிக்கும் இளைஞன். எல்லாப் பூட்டுக்கும் சாவி போல ‘ரூட்’ என்ற மேலதிகாரம் அவனிடம்தான் இருந்தது. அதனால் பெயர் ரூட்டு. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

“மழை நாள்ல எல்லார் துணியும் இங்கதான் மேடம். கணக்கு ஓடும்போது விசிறி கத்தும், பின்பக்கம் அனல் அடிக்கும். என் சாக்ஸ் அரை மணி நேரத்துல மொறுமொறுன்னு ஆயிடும்.”

கடுகு துப்பட்டாவை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

*

துணை மேலாளரை முதலில் விசாரித்தாள். நிலையத் தலைவரின் மகளைக் கட்டியவர். தலைவருக்கு மட்டும்தான் மாப்பிள்ளை, ஆனால் உபசாரத்தை நிலையமே செய்யவேண்டியிருந்தது. அதனால் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான்.

“அன்னிக்குக் காலையில எங்க இருந்தீங்க?”

“ஹால்ல. வெளியிலேருந்து விருந்தாளிங்க வந்திருந்தாங்க. பெரிய திரையில ஆத்துப் படம் போட்டுக் காட்டினேன். ஒன்பதரைக்கு ஆரம்பிச்சு பத்துக்கு முடிச்சுட்டேன்.”

“அந்தப் படம் எந்த மெஷின்ல ஓடுச்சு?”

“இதே மெஷின்தான். தாங்கும்.”

“மெஷின் அறைக்கு வந்தீங்களா?”

“பத்தரைக்கு அந்தப் பக்கமாப் போனேன். விசிறிச் சத்தமே இல்ல. அப்பவே நினைச்சேன், அக்கா இன்னும் ஆரம்பிக்கலைன்னு. பாவம், தம்பியைப் பறிகொடுத்தவங்க. நான் சொல்லக் கூடாது.”

சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லும் மனிதர்களைக் கடுகு நிறையப் பார்த்திருக்கிறாள்.

“அக்கா குழுகிட்ட வேற மாதிரி சொல்லியிருக்காங்களே. நீங்க வந்து கணக்கை மாத்தினதா.”

“ஆமா, சொல்லுவாங்க. குழு பார்த்தாச்சு மேடம். ஆத்தை எத்தனை கட்டமாப் பிரிச்சுக் கணக்குப் போடணுமோ அதே கட்டம்தான், அதே அளவுதான். ஒரு எழுத்துகூட மாறல.”

குழு அந்த வரியை அறிக்கையில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. அலட்சியத்தோடு பொய்யும் சேர்ந்துகொண்டது.

*

கணக்கக்கா தன் வீட்டில் இல்லை. தம்பி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தம்பி பெண்டாட்டி மூன்று நாளாக அவளை உள்ளே விடவில்லை. அவளும் மூன்று நாளாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

“ஜெயில்ல போடுங்க மேடம், பரவாயில்ல. ஆனா அவனை நான்தான் கொன்னேனான்னு மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க. எனக்கும் தெரியணும், உள்ள இருக்கறவளுக்கும் தெரியணும்” என்றாள்.

கடுகு படியில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எப்ப ஆரம்பிச்சீங்க?”

“ஒன்பதுக்கே.”

“அப்புறம்?”

“அரை மணி நேரம் கழிச்சு மாப்பிள்ளை வேகமா வந்தாரு. விருந்தாளிங்களுக்குத் தண்ணி பத்தல, கேன்டீன்ல சொல்லிட்டு வாங்கக்கான்னாரு. அது என் வேலை இல்ல. ஆனா சிரிச்சுக்கிட்டே கேட்டா எப்படி மறுக்கறது? முற்றத்துல கொட்டுற மழை. தொப்பலா நனைஞ்சு வந்து துப்பட்டாவை மெஷினுக்குப் பின்னாடி போட்டேன்.”

“அவர் எங்க இருந்தாரு?”

“என் நாற்காலியிலேருந்து எந்திரிச்சாரு. ‘உங்க கணக்கைக் கொஞ்சம் நைஸ் பண்ணியிருக்கேன்கா’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.”

அதைச் சொல்லும்போது அவள் கட்டைவிரலை ஆள்காட்டி விரல்மேல் வைத்துத் தேய்த்தாள். கடுகு பேச்சை விட்டுவிட்டு விரலைப் பார்த்தாள்.

“அதென்ன விரல்ல?”

“நைஸ்னா இதானே மேடம்? மில்லுல மாவைத் தொட்டுப் பார்ப்போமே. கட்டத்தை இன்னும் சின்னது சின்னதா ஆக்கியிருக்காருன்னு நினைச்சேன். பொடியா அரைச்சா நேரம் ஆகும்ல? கணக்கு ஆமை மாதிரி நகர்ந்துச்சு. நான் பயப்படவே இல்ல. வரப்போற விடை துல்லியமா இருக்கும்னு சந்தோஷமாகூட இருந்தேன்.” விரல்கள் தேய்ப்பதை நிறுத்தின. “பத்தே முக்காலுக்குத் தம்பி போன் பண்ணினான். ‘அக்கா, ஆத்துல கலங்கல் தெரியுது, மேல ஏறிடவா?’ன்னு கேட்டான். ‘பொறுடா, இன்னிக்குக் கணக்கு நைஸா வருது’ன்னு சொன்னேன்.”

உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. கதவுக்குப் பின்னால் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

*

மாலை நான்கு மணி. கடுகு ரூட்டுவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அன்னிக்கு ஹால்ல நீயும் இருந்தியா?”

“திரைக்கு ஒயரைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன் மேடம். படம் முதல்ல திக்கித் திக்கி ஓடுச்சு. விருந்தாளிங்க நெளிஞ்சாங்க. மாப்பிள்ளை மைக்குலயே, ‘ஒரு நிமிஷம், போய் நைஸ் பண்ணிட்டு வந்துடறேன்’னாரு. யாரையோ தாஜா பண்ணப் போறாருன்னு எல்லாரும் சிரிச்சாங்க. திரும்பி வந்ததும் படம் வெண்ணெயா ஓடுச்சு.”

“நீ சிரிச்சியா?”

ரூட்டு தலையைச் சொறிந்தான். “எனக்கு அர்த்தம் தெரியும். ‘நைஸ்’னு மெஷினுக்கு ஒரு கட்டளை இருக்கு. வேலையெல்லாம் உள்ள வரிசையில நிக்கும். ஒரு வேலைக்கு நைஸ் போட்டா, அது நல்ல பிள்ளையா ‘நீங்க முன்னாடி போங்க’ன்னு மத்ததுக்கு வழி விட்டுட்டுக் கடைசியில போய் நிக்கும்.”

“அதை யார் போடலாம்?”

“யாரோட வேலையோ அவங்க நாற்காலியில உட்கார்ந்தா போதும், இறக்கிடலாம். திரும்ப மேல ஏத்தணும்னாதான் ரூட்டு வேணும். அதாவது நான்.”

“இறங்க யார் தயவும் வேணாம், ஏறத்தான் வேணுமா? வெளியிலயும் அப்படித்தான்யா இருக்கு. ஏன் குழுகிட்ட இதைச் சொல்லல?”

“சொல்லி என்ன மேடம்? அதனால தாமதம் ஆகாது. பத்து மணிக்குப் படம் முடிஞ்சுது. அப்புறம் வரிசையில வேற ஆளே இல்ல. ஒத்தை ஆள் நிக்கிற வரிசையில கடைசியும் அவன்தான், முதலும் அவன்தான். கணக்குக்கு மெஷின் முழுசா கிடைச்சிருக்கும்.”

வாதம் சரியாக இருந்தது. பாடப் புத்தகமும் அப்படித்தான் சொல்லும். கடுகு மேசைமேல் துப்பட்டாவை விரித்தாள்.

“இதுக்கு பதில் சொல்லு. குழு சொல்ற மாதிரி பதினொண்ணுக்கு ஆரம்பிச்சிருந்தா, பன்னிரண்டரை வரைக்கும் அனல் அடிச்சிருக்கும். காஞ்சிருக்கணும். ஒன்பதுக்கு ஆரம்பிச்சு, நீ சொல்ற மாதிரி முழு மூச்சா ஓடியிருந்தாலும் காஞ்சிருக்கணும். ரெண்டு கதையிலயும் துணி காயுது. நிஜத்துல காயல. கான்ஸ்டபிள் தொட்டப்ப சொட்டிக்கிட்டு இருந்திருக்கு. மாப்பிள்ளை பத்தரைக்கு விசிறிச் சத்தம் இல்லைன்னாரு. அதுவரைக்கும் அவர் சொன்னது நிஜம். மெஷின் சூடாகவே இல்ல. சூடாகாம அது கணக்குப் போட முடியுமா?”

“முடியும் மேடம். ரொம்ப மெதுவா...” என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். அவன் முகத்திலிருந்த கர்வம் வடிந்தது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

“சொல்லு.”

“மெஷினோட மூளையான செயலி எப்பவும் ஒரே வேகத்துல ஓடாது. வேலை நெருக்கினா வேகத்தைக் கூட்டும், சும்மா இருந்தா குறைச்சுக்கும். கரண்ட் மிச்சம். போன மாசம் அதுல ஒண்ணு மாத்தினேன். நைஸ் போட்ட வேலையை வேலையாவே எண்ணாதேன்னு.”

“போட்டா?”

“கணக்கு உசிரை விட்டு ஓடிக்கிட்டிருக்கும். செயலி எட்டிப் பார்க்கும். நைஸ் ஆள்தானே, இங்க யாரும் வேலை செய்யலைன்னு நினைச்சு, மூணுல ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிடும். பத்து மணிக்குப் படம் ஓடி முடிஞ்சதும் வேலையா எண்ண உள்ள ஒண்ணுமே இல்ல. விசிறிக்கும் வேலை இல்ல.” அவன் துப்பட்டாவின் நுனியைத் தொட்டுப் பார்த்தான். “நான் மறந்தே போயிட்டேன் மேடம். தனித்தனியா ரெண்டும் சாதுவான விஷயம். சேர்ந்தா இப்படி ஆகும்னு தோணல.”

“மாத்தச் சொன்னது யாரு?”

“மின்சாரச் சிக்கனத் திட்டம். மாப்பிள்ளை சாரோடது. அவருக்குக் கேடயம்கூடக் கொடுத்தாங்க. அன்னிக்கு விருந்தாளிங்க வந்ததே அந்தச் சிக்கனத்தைப் பார்க்கத்தான்.”

“இப்ப அந்த மாற்றம் மெஷின்ல இருக்கா?”

அவன் தட்டிப் பார்த்தான். இல்லை. மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டால் அந்த மாற்றம் போய்விடும். கணக்கு தொடங்கிய நேரமும் தற்காலிக இடத்தில்தான் கிடக்கும், அதுவும் அழிந்துபோகும். யாரோ அணைத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கு ரூட்டு வேண்டாம், முன்பக்கப் பொத்தானை அழுத்தினால் போதும்.

கடுகு கான்ஸ்டபிளைப் பார்த்தாள். “ஒரு மணிக்கு சீல் வைக்கப் போனீங்களே, உள்ள யாராவது இருந்தாங்களா?”

“மாப்பிள்ளை சார் இருந்தாருங்க. கணக்கைக் காப்பி எடுத்து வைக்க வந்தேன்னாரு.”

“கையில பென்டிரைவ் ஏதாவது?”

கான்ஸ்டபிள் யோசித்தார். “வெறுங்கைதாங்க. வேர்த்து ஊத்திச்சு.”

*

மறுநாள் அதே மழை விவரத்தைப் போட்டு மெஷினை ஓட விட்டார்கள். முதல் தடவை வழக்கம்போல். விசிறி கத்தியது. ஒன்றரை மணி நேரத்தில் விடை வந்தது. பின்னால் போட்ட ஈரத்துண்டு அப்பளமாகக் காய்ந்திருந்தது.

இரண்டாவது தடவை ரூட்டு அந்தச் சிக்கன மாற்றத்தைத் திரும்பப் போட்டான். கணக்கு அரை மணி நேரம் ஓடியதும் நைஸ் கட்டளை கொடுத்து, அரை மணி நேரம் ஆற்றுப் படத்தையும் ஓட விட்டார்கள். படம் நின்றதும் விசிறி அடங்கியது. அறை அமைதியானது. திரையில் மட்டும் மெஷின் நூறு சதவீதம் வேலையாக இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. தலைவரும் மாப்பிள்ளையும் குழுவினரும் முதலில் நின்றார்கள், பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கணக்கக்கா சுவரோரம் நின்றபடியே இருந்தாள்.

விடை வந்தபோது மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

“உங்க கழித்தல் சரிதான் சார். கழிச்ச எண்தான் தப்பு” என்றாள் கடுகு குழுத் தலைவரிடம். “பன்னிரண்டரையில மூன்றரை போனா ஒன்பது. அந்தம்மா ஒன்பதுக்குத்தான் ஆரம்பிச்சாங்க.” ஈரத்துண்டை எடுத்து அவர் முன்னால் பிழிந்தாள். சொட்டியது.

“நைஸ் போட்டது நான்தான்னு எப்படிச் சொல்றீங்க?” என்றார் மாப்பிள்ளை. குரல் இன்னும் இனிமையாகத்தான் இருந்தது. “அவங்க பேர்ல ஓடுற வேலை. அவங்களே போட்டிருக்கலாமே?”

கடுகு திரும்பினாள். “அக்கா, நைஸ்னா என்ன?”

கணக்கக்காவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகத் தேய்த்துக்கொண்டன.

“இவங்களுக்குத் தெரிஞ்ச நைஸ் இதுதான். அதைத்தான் குழு பொய்னு எழுதுச்சு. விருந்தாளிங்களுக்குத் தெரிஞ்ச நைஸ் தாஜா பண்றது. அதான் சிரிச்சாங்க. கட்டளைன்னு தெரிஞ்ச ரெண்டு பேர்ல ரூட்டு ஹால்ல ஒயரைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், இன்னொருத்தர் அந்த நாற்காலியில உட்கார்ந்தவர்தான்.” விருந்தாளி ஒருவரின் போனில் பதிவான காட்சியை ஓட்டினாள். திக்கும் படம். மைக்கில் மாப்பிள்ளையின் குரல்: ஒரு நிமிஷம், போய் நைஸ் பண்ணிட்டு வந்துடறேன். சிரிப்பு.

தலைவர் மாப்பிள்ளையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

“சரி, போட்டேன். அது குத்தமா?” இனிமை போய்விட்டது. “கரண்ட்டை மிச்சப்படுத்தினது குத்தமா? விருந்தாளி முன்னாடி மானத்தைக் காப்பாத்தினது குத்தமா? வெள்ளம் வரும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?”

“தெரியாது. அதை நான் நம்பறேன். ஆனா பாலத்துல பிணம் கிடைச்ச செய்தி வந்ததும் இந்த ஊர்லயே உங்க ஒருத்தருக்குத்தான் நடந்தது புரிஞ்சுது. புரியாதவன் பொத்தானைத் தொட மாட்டான். மெஷினை அணைச்சு உங்க தடயத்தை அழிச்சீங்க. அப்புறம் தம்பியை இழந்து அழுதுக்கிட்டிருந்தவளைப் பார்த்து, பத்தரை வரைக்கும் ஆரம்பிக்கவே இல்லைன்னு வாக்குமூலம் கொடுத்தீங்க. சிக்கனமும் நைஸும் முட்டாள்தனம். இது கயவாளித்தனம்.”

தடயத்தை அழித்ததற்கும் பொய் வாக்குமூலத்துக்கும் அவரைக் கைது செய்தார்கள்.

“சாவுக்கு?” என்று கேட்டாள் கணக்கக்கா.

கடுகுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “அதை விபத்துன்னுதான் எழுதச் சொல்வாங்கம்மா. நைஸ் போடறதைக் குத்தம்னு சொல்ல எந்தப் பிரிவும் இல்ல. நான் தேடிட்டேன்.”

தலைவரின் அறை அலமாரியில் சிக்கனக் கேடயம் அப்படியே இருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

*

அன்று மாலை கடுகு தம்பி பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு கணக்கக்கா போய் வாசலில் நின்றாள். கதவு திறந்தது.

“கடைசியா அவர் உங்ககிட்ட ஏறிடவான்னு கேட்டாரா அண்ணி?”

“கேட்டான்.”

“பொறுடான்னீங்களா?”

“சொன்னேன்.”

தம்பி பெண்டாட்டி ஏசவும் இல்லை, அழவும் இல்லை. பிறகு மூலையில் கோதுமை நிறைத்து வைத்திருந்த தூக்குவாளியை எடுத்தாள். “நாலு நாளா வீட்டுல மாவு இல்ல. பிள்ளைங்க பசியோட இருக்கு. வாங்க, தனியாத் தூக்க முடியாது” என்றாள்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மில்லில் கூட்டமில்லை. மில்காரர் வாளியை வாங்கிக் கோதுமையைக் கொட்டிவிட்டு வெறும் வாளியைத் திருப்பிக் கொடுத்தார். பட்டையை மாட்டிவிட்டு, எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டார்.

“நைஸா அரைக்கவாம்மா?”

கணக்கக்காவின் கை வாளிப் பிடியை இறுக்கியது.

“வேணாம்ணே” என்றாள் தம்பி பெண்டாட்டி. “கொரகொரன்னே இருக்கட்டும்.”